ப்ளே ஸ்கூல் இருக்கு, பிள்ளைய பாத்துக்கிற இடம் எங்க இருக்கு?

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், இந்தப் பக்கம் யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ஒன்றரை வயசுப் பிள்ளைய காலையில விட்டுட்டு சாயங்காலம் தூக்கிட்டு வர ஒரு நல்ல இடம் சொல்லுங்கன்னு. உடனே ஒரு ப்ளே ஸ்கூல் பேரச் சொல்லுவாங்க. சுவத்துல பொம்மை படம், வாசல்ல சறுக்கு, யூனிஃபார்ம், பேக், ஐடி கார்டு எல்லாம் இருக்கும், ஆனா பன்னெண்டரைக்கு வந்து பிள்ளைய கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லிருவாங்க. பன்னெண்டரைக்கு வேலைய விட்டுட்டு யாரு வர்றது? அதுவும் ஒன்றரை வயசுல அங்க எடுக்கவே மாட்டாங்க, ரெண்டரை ஆகட்டும்மா அப்புறம் பாப்போம்பாங்க. நான் கேக்குறது டேகேர், நீங்க சொல்றது ப்ளே ஸ்கூல், ரெண்டும் வேறன்னா "எல்லாம் பிள்ளைய விடுற இடம்தானக்கா"ன்னு பேச்ச முடிச்சிருறாங்க. இல்ல, ரெண்டும் ஒண்ணு இல்ல. அந்த வித்தியாசத்த யாரும் கண்டுக்காததாலதான் நம்ம பக்கம் ஒண்ணு தெருவுக்குத் தெரு இருக்கு, இன்னொண்ணு தேடுனாலும் கிடைக்கல. ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு பாலம் தாண்டி மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனிக்கு கணக்கு எழுதப் போறவ நான், அந்த இடத்துல இருந்துதான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

டேகேருங்கறது அம்மா அப்பாவோட வேலை நேரத்த வச்சு ஓடுற இடம். ஆறு மாசக் குழந்தையில இருந்து எடுப்பாங்க, பிள்ளை அங்கயே சாப்பிடும், தூங்கும், ஆய் போகும், எந்திரிச்சு அழும், மூக்கு ஒழுகும், அதாவது வீட்டுல ஒரு பகல் எப்படி போகுமோ அந்தப் பகல் மொத்தமும் அங்க போகும். ஒரே ஹால்ல பத்து மாசக் குழந்தையும் இருக்கும், நாலு வயசுப் பையனும் இருப்பான். மே மாசம் லீவுன்னு பூட்டக்கூடாது, பூட்டுனா அது டேகேரே இல்ல. ப்ரீஸ்கூல், நாம ப்ளே ஸ்கூல்னு சொல்றது, பிள்ளையோட வயச வச்சு நடக்குறது. ரெண்டரை மூணு வயசுல இருந்து எல்கேஜி போற வரைக்கும், ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் போல, ஒரே வயசுப் பிள்ளைங்களோட சேந்து பாட்டு, கதை, களிமண்ணு, வரிசையில நிக்கிறது, தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கிறது, அம்மா இல்லாம கொஞ்ச நேரம் இருந்து பழகுறது. அங்க இருக்கறவங்க டீச்சர், ஸ்கூலுக்கு உள்ள எல்லா லீவும் அங்கயும் உண்டு. அம்மா வேலைக்குப் போறாளா வீட்டுல இருக்காளாங்கறது அவங்க கேள்வியே கிடையாது, அவங்க கேக்கவும் வேண்டியதில்ல.

இப்ப நம்ம கடக்கரையோட நேரத்த எடுத்துக்கோங்க. டவுன்ல பேங்க்ல ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு ஒன்பதரை டு அஞ்சரைன்னு ஒரு கணக்கு இருக்கு. இங்க அப்படி இல்ல. நாங்க வாங்குறது நீலக்கால் நண்டு, வலையில இருந்து எடுத்து அவிச்சு வந்துச்சுன்னா பொம்பளைங்க உக்காந்து சதையப் பிரிக்கணும், லோடு எப்ப வருதோ அப்ப ஆரம்பிக்கும், முடியுற வரைக்கும் எந்திரிக்க முடியாது, கிலோ கணக்குலதான் கூலி, பாதியில எந்திரிச்சுப் போனா அன்னைக்கு கூலி பாதி. கடல்பாசிக்குப் போறவங்கள எடுத்துக்கோங்க, மரிக்கொழுந்து, கட்டக்கோரைங்கற பாசிய எடுக்க தீவு வரைக்கும் வள்ளத்துல போறவங்க, அமாவாசை பௌர்ணமிய ஒட்டித்தான் அவங்களுக்கு வேலை. அந்த நாள்ல கருக்கல்லயே எந்திரிச்சு சோத்த ஆக்கி வச்சுட்டு வெள்ளன கெளம்புனா திரும்ப மத்தியானம் தாண்டிரும், தண்ணிக்குள்ள முங்கி முங்கி எடுத்துட்டு வந்து உடம்பு ஊறிப்போய் நிப்பாங்க. கருவாடு காய வைக்கிறவங்க, ஏலத்துல மீன எடுத்து கூடையில பஸ் ஏறி விக்கப் போறவங்க, எல்லாருக்கும் கடல் சொல்ற நேரம்தான். இந்த அம்மாக்கள்கிட்ட போய் "காலையில ஒன்பதரைக்கு யூனிஃபார்ம் போட்டு விடுங்க, பன்னெண்டரைக்கு கூட்டிட்டுப் போங்க"ன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? ஒன்பதரைக்கு அவ கரையிலயே இருக்க மாட்டா.

அப்ப பிள்ளைய யாரு பாக்குறாங்க? அப்பத்தா, அம்மாச்சி இருந்தா அவங்க. பாதி வீட்டுல அவங்களும் வேலைக்குப் போறாங்க, எங்க நண்டு கம்பெனியில அறுபது வயசு தாண்டுனவங்க எத்தனையோ பேரு உக்காந்து பிரிக்கிறாங்க. தடைக்காலம் வந்தா, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அப்ப அப்பாமாரு வீட்டுல இருப்பாங்க, பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடை வரைக்கும் போறத பாக்கலாம், நல்லாத்தான் இருக்கும். ஆனா நாட்டுப்படகு ஓடுது, நண்டு வருது, அம்மா வேலைக்குப் போகணும், அதே மே மாசம் ப்ளே ஸ்கூல் லீவு. மத்த நாள்ல என்ன நடக்குதுன்னா மூணாப்பு நாலாப்பு படிக்கிற அக்காக்காரிய "இன்னைக்கு ஒரு நாள் நின்னுக்கத்தா, தம்பிய பாத்துக்க"ன்னு நிப்பாட்டிருறாங்க. ஒரு நாள்னு ஆரம்பிக்கிறது பாசி நாள் வர்றப்ப எல்லாம் ஒரு நாள் ஆயிருது. எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம் இதுதான். சின்னதுக்கு ஒரு இடம் இல்லாததுக்கு பெரியவ படிப்ப குடுக்குறா. ஒன்பது வயசுப் பிள்ளை இடுப்புல ஒரு கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறத பாத்து "எவ்வளவு பொறுப்பா இருக்கா பாரு"ன்னு சொல்றவங்கள எனக்குப் பிடிக்கல. பொறுப்பு இருக்க வேண்டியது அவகிட்ட இல்ல.

சரி, இப்ப டேகேர் ஒண்ணு கிடைச்சிருச்சுன்னே வச்சுக்குவோம், அங்க போய் என்ன கேக்கணும். முக்கால்வாசி பேரு போய் "என்ன சொல்லிக் குடுப்பீங்க, ரைம்ஸ் உண்டா, இங்கிலீஷ் பேசுவீங்களா"ன்னு கேக்குறாங்க. ஒரு வயசு ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அது கேள்வியே இல்லங்க. அந்த வயசுல பிள்ளைக்கு வேண்டியது தினமும் அதே முகம். அழுதா அதே கை வந்து தூக்கணும், பசிச்சா அதே ஆளுக்குத் தெரியணும், இவன் சோத்த பெசஞ்சு ஊட்டுனாத்தான் திம்பான் அவ கையில எடுத்துத் திம்பான்னு. மாசத்துக்கு ஒரு ஆயா மாறுற இடத்துல எவ்வளவு பெரிய டிவி இருந்தாலும் நான் விடமாட்டேன், சொல்லப்போனா டிவி இருந்தாலே விடமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்குல ரெண்டு வயசு முடியாத பிள்ளைக்கு ஸ்கிரீனே கூடாது, ரெண்டு வயசுல இருந்து நாலு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. தூக்கமும் சொல்லியிருக்காங்க, ஒண்ணு ரெண்டு வயசுல பகல் தூக்கம் சேத்து 11ல இருந்து 14 மணி நேரம், மூணு நாலு வயசுல 10ல இருந்து 13. அப்ப பகல் முழுக்க இருக்குற இடத்துல பிள்ளை எங்க படுக்கும், பாயா தொட்டிலா, ஃபேன் உண்டா, கரண்டு போனா என்ன பண்ணுவாங்க, இத கேக்காம அட்மிஷன் போடக்கூடாது. நம்ம ஊர் வெக்கைக்கு தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம்ல மத்தியானம் பெரிய ஆளே படுக்க முடியாது.

அப்புறம் தண்ணி. இங்க வீட்டுக்கு வீடு டிரம்முல, சிமெண்ட் தொட்டியில தண்ணி பிடிச்சு வைக்கிற ஊரு. தவழுற பிள்ளை, இப்பத்தான் நடக்குற பிள்ளை இருக்குற இடத்துல மூடி இல்லாத வாளி ஒண்ணு போதும் ஆபத்துக்கு. கடல் நூறு அடியில இருக்கு, கிணறு இருக்கு, ரோட்டுல ராமேஸ்வரம் போற வண்டி விர்ர்ருனு போகுது, அதனால காம்பவுண்டும் கேட்டு கொண்டியும்தான் நான் முதல்ல பாப்பேன், அதுவும் அந்தக் கொண்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்துல இருக்கணும். குடிக்கிற தண்ணி எங்க இருந்து வருது, காய்ச்சுறாங்களா. ஒரு ஆளுக்கு எத்தனை கைக்குழந்தை. பிள்ளைக்கு சூடு அடிச்சா யாருக்கு முதல்ல போன் பண்ணுவாங்க, நான் லோடுல உக்காந்து போன எடுக்கலேன்னா அடுத்து யாருக்கு. வேற யாராவது வந்து "நான் சித்தப்பாதான்"னு கேட்டா குடுத்து விடுவாங்களா. எல்லாத்துக்கும் மேல, சொல்லாம கொள்ளாம எந்த நேரம் வந்தாலும் உள்ள விடுவீங்களான்னு கேளுங்க. நேரம் சொல்லி வாங்க, பிள்ளைங்க டிஸ்டர்ப் ஆகும்னு சொன்னாங்கன்னா அங்கயிருந்து கெளம்பிருங்க, வேற பேச்சு வேண்டாம்.

அப்ப படிப்பு? ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இதுதான் படிப்பு. குளிப்பாட்டுறப்ப "கைய நீட்டு, இந்தா சோப்பு, ஐயோ கண்ணுல பட்டுருச்சா"ன்னு ஒரு ஆளு பேசிக்கிட்டே இருந்தா அந்தப் பிள்ளைக்கு பேச்சு வருது. அது சொல்ற ஒரு எழுத்து மழலைக்கு எதிர்ப்பேச்சு பேச ஆளு இருக்கணும், அவ்வளவுதான். என் சின்னவ "நந்து"ம்பா நண்ட, அவள பாத்துக்கிற பக்கத்து வீட்டு மதினி "ஆமாத்தா நண்டு, எத்தனை காலு பாரு"ன்னு எடுத்து காட்டுவாங்க. அவங்க எட்டாப்பு வரைக்கும்தான் படிச்சவங்க. அவங்க குடுக்குறத விட பெரிய பாடம் அந்த வயசுக்கு யாரும் குடுக்க முடியாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். மதினியால எப்பவும் முடியாது, அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கு, அவங்க மக பேறுகாலத்துக்கு வந்துட்டான்னா நான் லீவு போடணும், அதனாலதான் ஒரு இடம் வேணுங்கறேன்.

மூணு வயசு ஆயிருச்சுன்னா கதை மாறுது, அப்ப வெறும் பாத்துக்கிற இடம் மட்டும் பத்தாது. அப்ப பிள்ளைக்கு தன் வயசுக்காரங்க வேணும், சண்டை போட்டு சமாதானம் ஆகணும், கதை கேட்டு நடுவுல "ஏன்"னு கேக்கணும், பிரிக்கிறது அடுக்குறது எண்ணுறதுன்னு கை வேலை வேணும். இதுக்குத்தான் ப்ரீஸ்கூல். மரியா மாண்டிசோரி 1939ல மெட்ராஸ் வந்து அடையாறுல டீச்சர்மாருக்கு பயிற்சி குடுத்தாங்க, பிள்ளை கையால தொட்டு செஞ்சுதான் கத்துக்கும், பெரியவங்க ஓரமா நின்னு கவனிக்கணும்னு அவங்க சொன்னதுதான் இன்னைக்கும் போர்டுல "மாண்டிசோரி முறை"ன்னு எழுதி வச்சிருக்காங்க. ஆனா உள்ள போனா பெஞ்சுல உக்கார வச்சு நாலு கோடு நோட்டுல ஏ டு இசட் எழுத விடுறாங்க. பெரியவன நான் முதல்ல சேத்த ஒரு இடத்துல மூணு வயசு முடிஞ்ச மறுவாரமே ஹோம்வொர்க் வந்துச்சு, ஒரு பக்கம் நிக்கிற கோடு ஒரு பக்கம் படுத்த கோடு. ராத்திரி எட்டு மணிக்கு தூக்கத்துல கண்ணு சொருகி உக்காந்து கோடு போட்டான். பென்சில பிடிக்க முடியாம முஷ்டிய மடக்கிப் பிடிச்சான், அத பாத்துட்டு அந்த டீச்சர் "கிரிப் சரியில்ல, வீட்ல பிராக்டிஸ் குடுங்க"ன்னு டைரியில எழுதி விட்டாங்க.

கிரிப் எப்படிங்க வரும். மணிக்கட்டுல மொத்தம் எட்டு சின்ன எலும்பு, பொறக்குறப்ப அது எல்லாமே குருத்தெலும்பு, வருஷம் ஆக ஆக ஒண்ணு ஒண்ணா கெட்டியாகும், எல்லாம் ஆகி முடிய பத்து வயசு போல ஆயிரும். எக்ஸ்ரே எடுத்து பிள்ளை வயச கணிக்கிறதே இத வச்சுத்தான். மூணு வயசுல அந்தக் கைக்கு வேண்டியது மண்ணு. நம்ம வாசல்லயே இருக்கு மண்ணு, கடவுள் குடுத்தது. ஈர மண்ணுல வீடு கட்டுறது, சிப்பிய பெருசு சின்னதுன்னு பிரிக்கிறது, சோவி எண்ணுறது, வலைக்கயித்துல முடிச்சு போடப் பாக்குறது, மாவு பிசையுறப்ப ஒரு உருண்டை வாங்கிட்டுப் போறது, இது எல்லாம் அந்த விரலுக்கு வேலை. அந்தக் கை பழகிருச்சுன்னா அஞ்சு வயசுல பென்சில் தானா வந்து உக்காரும். நம்ம ஊர்ல ஒண்ணாம் வகுப்புக்கே அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், அப்புறம் மூணுல என்ன அவசரம்? கடக்கரையில இருந்துக்கிட்டு பிள்ளைய மண்ணுல விடாம ஒரு ரூமுக்குள்ள அடைச்சு பிளாஸ்டிக் சிப்பி பொம்மைய காட்டி "திஸ் இஸ் ஷெல்"னு சொல்லிக் குடுக்குறத பாக்குறப்ப வருத்தமா இருக்கு. இங்கிலீஷ் வேண்டாம்னு சொல்லல, வரட்டும், ஆனா வீட்டுல பேசுற பேச்சுல பிள்ளை நாலு வாக்கியம் கோத்து ஒரு கதை சொல்லட்டும் முதல்ல.

இந்த இடத்துல பால்வாடிய பத்தி சொல்லாம போக முடியாது, ஏன்னா எல்லாரும் அத விட்டுட்டுத்தான் ப்ளே ஸ்கூல் தேடுறோம். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ல ஆரம்பிச்சது, 1982 ஜூலை 1ல எம்ஜிஆர் சத்துணவு கொண்டு வந்தப்ப பால்வாடிப் பிள்ளைங்களுக்கும் சோறு போட ஆரம்பிச்சாங்க. அதனால நம்ம மனசுல பால்வாடின்னா சோறு, முட்டை, சத்துமாவு. ஆனா அந்தத் திட்டத்துல ஆறு வேலைங்க, ஊட்டச்சத்து ஒண்ணு, தடுப்பூசி, எடை பாக்குற மாதிரி உடல்நலச் சோதனை, தேவைப்பட்டா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது, அம்மாக்களுக்கு ஆலோசனை, அதோட சேத்து முன்பருவக் கல்வியும் ஒண்ணு. அதாவது பால்வாடி ஒரு ப்ரீஸ்கூல்தான், காசு வாங்காத ப்ரீஸ்கூல். "ஆடிப்பாடி விளையாடு பாப்பா"ன்னு தனியா பாடத்திட்டமே வச்சிருக்காங்க, மாசத்துக்கு ஒரு தலைப்பு வச்சு பாட்டு, கதை, விளையாட்டு. ரெண்டு வயசுல இருந்தே பிள்ளை போகலாம், மத்தியானம் சோறு போட்டு படுக்க வைக்கிறாங்க, பன்னெண்டரைக்கு வெளிய அனுப்புறது இல்ல. நம்ம ஊருக்கு ப்ளே ஸ்கூல விட இதுதான் பக்கத்துல வருது.

எங்க தெரு பால்வாடி டீச்சர்கிட்ட போய் பேசுனேன் ஒரு நாள். "ஏன் டீச்சர் பிள்ளைங்க குறையுது"ன்னேன். "கொண்டாந்து விடுங்கன்னு வீடு வீடாப் போய்தான் கூப்புடுறேன்மா, டை கட்டுன ஸ்கூலுக்கு அனுப்புனாத்தான் கவுரவம்னு நெனைக்கிறாக, நான் என்ன செய்ய"ன்னாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க, எடை எடுக்கணும், போன்ல ஆப்ல ஏத்தணும், கர்ப்பிணிகள போய் பாக்கணும், சர்வே எடுக்கணும், ஆயா லீவுன்னா சமையலும் அவங்கதான், இதுக்கு நடுவுல பாட்டு சொல்லிக் குடுக்கணும். அந்த அம்மா ஒரு ஆளு. கைக்குழந்தைய வேற பாத்துக்கங்கன்னு அவங்க தலையில கட்ட முடியாது, அது அநியாயம். அதனால பால்வாடி நல்ல ப்ரீஸ்கூல், ரெண்டு வயசுக்கு கீழ உள்ளதுக்கும், கருக்கல்ல போற அம்மாவுக்கும் அது பதில் ஆகாது. ரெண்டரை மூணு வயசுப் பிள்ளை வச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்றது, காசு கட்டுறதுக்கு முன்னாடி உங்க பால்வாடியில போய் ஒரு பொழுது உக்காந்து பாருங்க. டீச்சர் நல்லா இருந்தா அங்கயே விடுங்க. நான் பெரியவன அந்த ஹோம்வொர்க் இடத்துல இருந்து எடுத்து பால்வாடியில விட்டேன், சொந்தக்காரங்க சொல்லாத பேச்சு இல்ல, பையன் காலையில தானா செருப்ப தேடி மாட்டிக்கிட்டு நின்னான். இப்ப எல்கேஜி போறான். 2019ல அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்துல இருக்குற 2,381 அங்கன்வாடியில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சாங்க, உங்க பக்கத்துல அது இருக்கான்னும் கேட்டுப் பாருங்க.

எல்லா ஊருக்கும் ஒரே தேவைன்னும் சொல்ல மாட்டேன். கீழக்கரையில என் கூட படிச்ச பொண்ணு இருக்கா, அவங்க பக்கம் கல்யாணம் ஆனாலும் பொண்ணு உம்மா வீட்டுலதான் இருப்பா, ஆம்பளைங்க துபாய் சவுதின்னு இருப்பாங்க, வீட்டுல உம்மா, பெரியம்மா, ராத்தா, ராத்தா பிள்ளைங்கன்னு எப்பவும் ஆளு. அவகிட்ட டேகேர் பத்தி பேசுனப்ப "எங்களுக்கு பிள்ளைய பாக்க ஆளு இருக்குடி, வீட்டுக்குள்ளயே இருந்து இதுக்கு வெளியாளக் கண்டா பயம், அதுக்குத்தான் ப்ளே ஸ்கூல்ல விட்டேன்"ன்னா. சரியான காரணம். அவளுக்கு மூணு மணி நேரம் போதும், அந்த மூணு மணி நேரம் பிள்ளைக்கு, அவளுக்கு இல்ல. அவளுக்கு ப்ரீஸ்கூல் பொருந்துது எனக்கு பொருந்தலங்கறதுல யாரு நல்ல அம்மாங்கற பேச்சே வராது. ஆனா நம்ம ஊர்ல அந்தப் பேச்சுதான் முதல்ல வருது. ப்ளே ஸ்கூல்ல விட்டா "பிள்ளைய படிக்க வைக்கிறா", டேகேர்ல விட்டா "பெத்தத காசு குடுத்து அடுத்தவ கையில தள்ளிட்டுப் போறா". என் மாமியாரே ஆரம்பத்துல அப்படித்தான் சொன்னாங்க. நான் எதிர்த்துப் பேசல, "அத்தை, நீங்க கருவாட்டுக்குப் போனப்ப உங்க மகன யாரு பாத்தா"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு "உங்க நாத்தனாதான் பாத்தா, அஞ்சாப்போட நின்னுட்டா"ன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச அவங்க எடுத்ததில்ல, இப்ப டேகேருக்காக என்னைய விட அதிகமா பேசுறது அவங்கதான்.

ஒரே இடத்துல ரெண்டும் இருக்கலாமேன்னு கேப்பீங்க. இருக்கலாம், நல்ல டேகேர்ல மூணு வயசுக்காரங்கள காலையில தனியா உக்கார வச்சு ஒரு டீச்சர் பாட்டு கதைன்னு நடத்துவாங்க, பெரிய ஊர்கள்ல இப்படி ஓடுது, என்னைக் கேட்டா அதுதான் சரியான ஏற்பாடு. ஆனா போர்டுல ரெண்டும் எழுதியிருக்கான்னு பாக்காதீங்க, மத்தியானம் மூணு மணிக்குப் போய் பாருங்க. ப்ளே ஸ்கூல் முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்குற பிள்ளைங்கள ஒரு ரூம்ல உக்கார வச்சு போன குடுத்துட்டு கூட்டுற அம்மாவ காவலுக்கு வச்சுட்டுப் போறாங்களா, இல்ல பிள்ளைங்க பாய்ல நிம்மதியா தூங்குதா. அந்த நேரத்துலதான் தெரியும் அது டேகேரா இல்லையான்னு.

இதெல்லாம் காசு உள்ளவங்க பேச்சு, நாங்க எங்க போறதுன்னு நண்டு பிரிக்கிற அக்காமாரு கேக்குறாங்க, நியாயமான கேள்வி. இங்க சட்டத்துல இருக்குறத சொல்லிருறேன். மகப்பேறு சட்டத்துல 2017ல கொண்டு வந்த விதி, இப்ப சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல இருக்கு, அதுப்படி 50 பேரு, அதுக்கு மேல வேலை பாக்குற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் பிள்ளைய பாத்துட்டு வர விடணும். 50 பேருன்னா பொம்பளைங்க மட்டும் 50 இல்ல, மொத்தமா 50. நூறு நாள் வேலைக்கு 2005ல வந்த சட்டத்துல கூட, ஆறு வயசுக்கு கீழ அஞ்சு பிள்ளை வந்தாலே அதுல ஒரு அம்மாவ பிள்ளைங்கள பாத்துக்க விட்டு அவங்களுக்கும் அதே கூலி குடுக்கணும்னு எழுதியிருந்தாங்க. அதாவது பிள்ளைய பாக்குறதும் வேலைதான், அதுக்கும் கூலி உண்டுன்னு சர்க்காரே ஒத்துக்கிட்ட விஷயம். அப்புறம் மத்திய அரசோட பால்னா திட்டம், 2022ல பெண்களுக்கான மிஷன் சக்தி திட்டத்துக்கு கீழ வந்தது. ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம், மாசத்துக்கு 26 நாள், அங்கன்வாடியோட சேந்த காப்பகம், அதுக்குன்னு தனியா ஒரு பணியாளரும் உதவியாளரும். நாடு முழுக்க இப்படி 17,000 திறக்கணும்னு கணக்கு வச்சாங்க. எங்க தீவுல அதுல ஒண்ணாவது வரணும்னுதான் நாங்க கேக்குறோம். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூர்ல 127 கோடிக்கு மேல போட்டு கடல்பாசிப் பூங்கா கட்டுறாங்க, பாசி வேலைன்னா பெரும்பாலும் பொம்பளைங்கதான், அங்க இயந்திரம் எறக்குறதுக்கு முன்னாடியே பிள்ளைங்களுக்கு ஒரு ஹால் பிளான்ல இருக்கான்னு அந்தப் பக்கத்து ஆளுங்க இப்பவே கேக்கணும், கட்டி முடிச்சப்புறம் கேட்டா இடம் இல்லைம்பாங்க.

எங்க பக்கம் நாங்க செய்யப் போறது கிராம சபை. தங்கச்சிமடம், பாம்பன் ரெண்டும் ஊராட்சிதான், அதனால ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை உண்டு. வெறுமனே "டேகேர் வேணும்"னு எழுதுனா பால்வாடி இருக்கேம்மான்னு திருப்பி அனுப்பிருவாங்க, அதனால வித்தியாசத்த மனுவுலயே எழுதுறோம். எந்தத் தெருவுல மூணு வயசுக்கு கீழ எத்தனை பிள்ளைங்க, அம்மா என்ன வேலை, எத்தனை மணிக்கு வீட்ட விட்டுப் போறாங்க, எத்தனை மணிக்குத் திரும்புறாங்க, இப்ப பிள்ளைய யாரு பாக்குறா, அதுக்காக ஸ்கூலுக்குப் போகாம நிக்கிற அக்கா அண்ணன் உண்டா. காலையில ஆறு மணிக்கு திறக்கணும், மே மாசம் பூட்டக்கூடாது, பாசி நாள்ல கூட ஒரு ஆளு வேணும், இடம் கரைக்கு பக்கத்துல ஆனா சுத்துச்சுவரோட. பாசிக்குப் போற அக்கா ஒருத்தவங்க இத எழுதுறப்ப பக்கத்துல இருந்து "தொட்டில் கட்ட வளையம் போடச் சொல்லுத்தா, அத மறந்துருவாக"ன்னாங்க, அதையும் சேத்திருக்கோம். உங்க ஊர்லயும் எழுதுறவங்க இத அப்படியே எடுத்துக்கலாம், பேரு மட்டும் மாத்திக்கோங்க, தீர்மானப் புத்தகத்துல ஏறுற வரைக்கும் அங்கயே நின்னு பாத்துட்டு மனுவுக்கு ரசீது வாங்கிட்டு வாங்க.